பாசி எடுக்கும் அக்காமார் கேட்ட கேள்விகள்: மண்டபம் கரையில் ஒரு பன்னாட்டு மாணவர் வாரம்

வெளிநாட்டு மாணவர்கள் ஒரு வாரம் ஏதாவது ஒரு கிராமத்துக்கு வந்து 'நீடித்த வளர்ச்சி' படித்துவிட்டுப் போகும் நிகழ்ச்சிகள் இப்போது தமிழ்நாட்டில் நிறைய நடக்கின்றன. வேனில் வந்து இறங்குவார்கள், கேள்வி கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கடைசி நாள் ஒரு பவர்பாயிண்ட் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், அதை வைத்து என்ன எழுதினார்கள் என்று ஊர்க்காரர்களுக்கு எந்தத் தகவலும் வராது. இதை மாற்ற முடியுமா என்று எங்கள் கல்லூரியில் சில பேர் யோசித்து, மாசி மாதத்தில் மண்டபம் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றில் வேறு மாதிரி நடத்திப் பார்த்தோம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.

பெரிதாகச் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். கேள்வி கேட்கும் உரிமையை முதலில் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தோம். அவர்கள் கேட்பதற்கு விடை தேடுவதுதான் மாணவர்களின் ஒரு வார வேலை. அது எப்படி நடந்தது, எங்கே சிக்கியது, என்ன மிஞ்சியது என்பதெல்லாம் இதே மாதிரி நடத்த நினைக்கிற ஆசிரியர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் உதவும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

கடலும் சட்டமும்

தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை ராமநாதபுரம் மாவட்டத்துக்குத்தான். மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும், ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் வந்திருக்காது. கல்லூரி முதலில் கொடுத்த தேதி டிசம்பர். அந்த மாதத்தில் வடகடலில் மாணவர்களை இறக்கவே முடியாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள், தேதியை மாற்றினோம்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்தார்கள். 1989-இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறை, கடற்புல், கடல்பசு எல்லாம் இருக்கிற இடம், காப்பாற்ற வேண்டிய இடம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இந்தக் கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்துவந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி அகர் அகர் என்கிற ஜெல்லிப் பொருள் செய்யப் போகும், கட்டைக்கோரைப் பாசி உணவைக் கெட்டியாக்கும் ஆல்ஜினேட் செய்யப் போகும். பூங்கா என்று ஆன பிறகு அங்கே இறங்கினால் குற்றம். பிடிபட்டால் அபராதம், பை பறிபோகும், ஒரு நாள் கூலியும் போகும்.

இந்தப் பெண்கள் சட்டத்துக்குக் காத்திருக்காமல் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது. இரும்புச் சுரண்டி வைத்துச் சுரண்டக் கூடாது. தடைக்காலத்தை ஒட்டிப் பாசி எடுப்பதையும் நிறுத்திக்கொள்வது. இதற்காகப் பெண்களைத் திரட்டிய, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது கிடைத்தது. கடலைக் காப்பது பற்றி இவர்களுக்குப் பாடம் எடுக்க யாரும் வர வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாரத்தைத் திட்டமிட்டோம். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் இந்த அக்காமாருக்கு, எங்கள் கல்லூரிக்கு வரும் சிறப்புப் பேச்சாளருக்குக் கொடுக்கிற அதே தொகை, அதே ரசீது. இதற்குக் கணக்குப் பிரிவில் ஒப்புதல் வாங்கியது தனிக்கதை. இதை விட்டுக்கொடுத்திருந்தால் மற்றதெல்லாம் வெறும் பேச்சாகியிருக்கும்.

முதல் சாயங்காலம்

வந்தவர்கள் இருபது பேருக்குள். பாதிப் பேர் வெளிநாடு: நெதர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான், அப்புறம் தான்சானியாவின் சான்சிபாரிலிருந்து ஒரு மாணவி. மீதிப் பாதி நம் மாவட்டத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் ராமநாதபுரம், பரமக்குடி டவுனிலிருந்து கல்லூரிக்கு வருகிறவர்கள். மொழிபெயர்க்க அந்த ஊரிலேயே பிறந்து இப்போது டிகிரி படிக்கிற இரண்டு பெண்கள். இரண்டு பேருடைய அம்மாவும் பாசி எடுப்பவர்கள்.

மாணவர்கள் யாரும் அன்றைக்குக் கேள்வி கேட்கக் கூடாது, போனையும் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆரம்பத்தில் அக்காமார் பேசவே இல்லை. "நாங்க என்ன சார் கேக்கப்போறோம், அவங்கதான் கேக்கணும்" என்றே இழுத்துக்கொண்டிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர்தான் தொடங்கிவைத்தார்: "ஏந்தாயி, உங்க ஊரு கடல்ல எறங்குறதுக்கு நீங்க யாருகிட்ட கேக்கணும்?"

அவ்வளவுதான், மளமளவென்று வந்துவிட்டது. நாங்க காயவெச்சுக் கொடுக்கிற பாசி வியாபாரி கையை விட்டு எங்கே போகுது, அங்கே என்ன விலை? உங்க நாட்டில் பொம்பளைங்க கடலில் முங்கித் தொழில் பார்க்கிறாங்களா? தண்ணி சூடாகி வளர்ப்புப் பாசி அழுகிப்போகுதே, வேற எங்கேயாவது இப்படி ஆச்சா, அவங்க என்ன செஞ்சாங்க? டிக்கெட் எடுத்தா வெளியூர்க்காரங்க போட்டில் பூங்காவுக்குள்ள இருக்கிற குருசடைத் தீவைப் போய்ப் பார்க்கலாம், அங்கேயே பிழைச்ச நாங்க போனா ஏன் தப்பு? இளம் வயது அக்கா ஒருவர் நேராகவே கேட்டார், நீங்க இவ்வளவு பேர் பிளேன் ஏறி வந்துட்டுப் போற காசுக்கு இந்த ஊருக்கு என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியை மொழிபெயர்க்கலாமா என்று அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே சொல்லும்மா என்றேன். எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, மாணவர்கள் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். விடையைக் கடைசி நாள் இதே இடத்தில், இதே அக்காமாரிடம் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அவர்கள் கையில்.

தண்ணீர்

தண்ணீரைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் அந்த வாரத்தில் அதிகம் பேசப்பட்டது தண்ணீர்தான், ஏனென்றால் அது முதல் காலையிலேயே தீர்ந்துவிட்டது. தங்கியிருந்த இடத்துத் தொட்டி சாயங்காலம் வரை வரும் என்று நிரப்பியிருந்தார்கள், எட்டு மணிக்கெல்லாம் காலி. இந்த ஊரில் குடிதண்ணீரை டிராக்டரில் வரும்போது குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற வீடுகள் பல. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கிற அளவு 55 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் நாலு குடம் கூட வராது. நெதர்லாந்தில் ஒரு ஆள் வீட்டில் சராசரியாக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கிறார். இதைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. ஆளுக்கு மூன்று குடம், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று வாசலில் வரிசையாக வைத்துவிட்டோம். நம்மூர்ப் பிள்ளைகளும் சேர்த்துத்தான். டவுனில் மோட்டார் போட்டுப் பழகியவர்களுக்கும் அது எளிதாக இல்லை.

அடுத்த நாள் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ரயிலும் போன கதையை வெளிநாட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்திருந்தார்கள். இடிந்த தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்று அவசரம். நாங்கள் அவர்களைக் குடிசை ஒன்றின் பின்பக்கம் கூட்டிப்போனோம். அங்கே ஒரு அக்கா மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கை ஆழம்தான் இருக்கும். ஓரத்து மணல் சரியாமல் உள்ளங்கையால் தட்டித் தட்டி விட்டார், கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. முதலில் கலங்கல். அதை ஒரு சிரட்டையால் இறைத்து வெளியே ஊற்றினார். மறுபடி ஊறினது தெளிவாக இருந்தது. அதையும் ஆட்டாமல் மேலாக அள்ளிக் குடத்தின் வாயில் கட்டிய துணியில் ஊற்றினார். பத்தடி தள்ளினால் கடல் அலை. குடித்துப் பார்த்த ஜெர்மன் பையன் திரும்பிக் கடலைப் பார்த்தான், மறுபடி குழியைப் பார்த்தான். உப்பே இல்லை.

மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது புத்தகக் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். அந்த அக்கா சொன்னது இரண்டே வரி: "கொஞ்சமா அள்ளணும். ஆசைப்பட்டு ஆழமாத் தோண்டினா உப்பு வந்துரும்."

நெதர்லாந்துப் பெண் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853-இலிருந்து குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இதே மாதிரி கடலோர மணல்மேட்டிலிருந்துதான் வருகிறது. நகரம் வளர வளர அளவுக்கு மேல் உறிஞ்சினார்கள், கீழேயிருந்து உப்பு ஏறியது. 1957-இலிருந்து ரைன் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மணல்மேட்டுக்குள் இறக்கித்தான் அந்த மணல்மேட்டைக் காப்பாற்றினார்கள். இதை அவள் அக்காவிடம் சொல்லச் சொல்ல, அக்கா கேட்ட கேள்வி: "அவங்களுக்கு ஆறு இருந்துச்சு. எங்களுக்கு?" ராமேஸ்வரம் தீவில் விடுதிகள் பெருகி, ஆழ்துளைக் கிணறு பெருகிவரும் இந்த நாளில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை. அன்றைக்கு ராத்திரி அந்தக் குழு தானாகவே ஒரு கேள்வியை நோட்டில் சேர்த்துக்கொண்டது. ஆறு இல்லாத தீவில் மணலுக்குள் என்னத்தை இறக்குவது? கூரைத் தண்ணீர், ஊருணி, மழைக்காலத்தில் வீணாகக் கடலுக்கு ஓடுகிற தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். நம் பாட்டன் முப்பாட்டன் ஊருணி வெட்டியதே இதற்குத்தான் என்று பரமக்குடிப் பையன் ஒருவன் சொன்னபோது, அவனுக்கே அது புதிதாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

கடலுக்குள்

பாசிக்குப் போன நாளில் விடிவதற்கு முன்பே கரைக்கு வந்துவிட்டோம். தீவுப் பக்கம் போகவில்லை. வடகடலில், இடுப்பளவு தண்ணீரில், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் இறக்கினோம். அக்காமார் சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் உட்கார்ந்து விரல் விரலாகத் துணிக்கிழிசலைச் சுற்றிக் கட்டினார்கள், பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார்கள். கல்லும் சிப்பியும் கிழிக்காமல் இருக்கத்தான் அது. கட்டு இல்லாத இடங்களில் பழைய தழும்புகள். ஜெர்மன் பையனுக்கும் ஒரு அக்கா கட்டிவிட்டார். அவன் முதலில் பிடித்த கொத்தை வேரோடு இழுத்துவிட்டான். அக்கா திட்டவில்லை. அவன் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய், அடிப்பிடியை விட்டுவிட்டு நுனியை மட்டும் ஒடிப்பது எப்படி என்று விரலைப் பிடித்தே காட்டினார். அடி கல்லில் இருந்தால்தான் அது திரும்ப வளரும்.

கரையேறி டீ குடிக்கும்போதுதான் ஜப்பான் மாணவி பேச ஆரம்பித்தாள். அவள் மீயெ மாகாணத்துப் பெண். அங்கே 'அமா' என்கிற முங்குகாரப் பெண்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் கடலுக்கடியில் போய் அபலோனி என்ற சிப்பிவகையும் பாசியும் எடுக்கிறார்கள். கையில் ஒரு அளவுகோல் வைத்திருப்பார்கள். 10.6 சென்டிமீட்டருக்குக் குறைவான அபலோனியைத் திரும்பக் கடலிலேயே விட வேண்டும். எடுக்கக் கூடாத காலமும் உண்டு. அக்காமாருக்கு இது எதுவும் வியப்பாக இல்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாள் கணக்கு மாதிரிதான் என்றார்கள். ஆனால் அந்த மாகாணத்து டோபா, ஷிமா பகுதி அமாக்களின் முங்கும் கலையை ஜப்பான் அரசு 2017-இல் தேசிய அளவில் காக்க வேண்டிய மரபுச் சொத்தாக அறிவித்தது என்று அவள் சொன்னதும் ஒரு நிமிடம் பேச்சு நின்றது. "அங்க குளிச்சா பெருமை, இங்க குளிச்சா கேஸா?" என்று கேட்டார் ஒருவர். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் அங்கே யாரும் இல்லை, நானும்தான்.

சான்சிபார் பெண்ணும் அக்காமாரும் பேசிக்கொண்டதை எழுத எனக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். அவள் சின்னம்மா பாசி வளர்ப்பவர். அங்கே 1989-இல் வணிகமாகத் தொடங்கிய தொழில், செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கரையோரம் கடல் வற்றும் நேரத்தில் குச்சி நட்டு, கயிறு கட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிவார்கள். நம் பக்கம் மூங்கில் தெப்பம்: பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, ஒரு தெப்பத்துக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. இரண்டு இடத்திலும் அதே கப்பாபைகஸ் பாசி, பிலிப்பைன்ஸ் பூர்வீகம். முன்பு ஒரு குளிர்பான நிறுவனம் இதை இங்கே பரப்பியதால் ஊரில் 'பெப்சி பாசி' என்றே பேர். கயிற்றில் முடிச்சுப் போடும் விதத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்துகாட்டினார்கள். மொழிபெயர்க்க வந்த பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம் வேலையே இல்லை.

சூட்டைப் பற்றிய கேள்விக்கு விடை அவளிடமிருந்துதான் வந்தது. சான்சிபாரில் கரையோரத் தண்ணீர் சூடேறி, நல்ல விலை போகும் கப்பாபைகஸ் செத்துப்போய், பல பெண்கள் விலை குறைந்த ஸ்பைனோசம் பாசிக்கு மாறினார்கள். சிலர் ஆழத் தண்ணீருக்கு நகர்த்திப் பார்க்கிறார்கள். ஆழத்துக்குப் போக நீச்சலும் படகும் வேண்டும், அது இல்லாத பெண்களுக்குக் கஷ்டம்தான். இன்னும் சிலர் பாசியை அப்படியே விற்காமல் சோப்பு செய்து விற்கிறார்கள். நம் கரையிலும் 2013-14-இல் இதே மாதிரி சூட்டில் பெருமளவு பாசி அழிந்தது. அந்த அடியிலிருந்து மீளாமல் தெப்பத்தையே விட்டுவிட்ட ஒரு அக்கா அங்கே இருந்தார். "அப்போ எங்களுக்கு மட்டும் நடக்கலை" என்றார். அந்த ஒரு வரிக்காகவாவது இந்த வாரம் நடந்தது நல்லது என்று நினைக்கிறேன்.

ஊர் என்றால் ஒரே குரல் இல்லை என்பதையும் மாணவர்கள் இங்கேதான் பார்த்தார்கள். தெப்பம் போடும் பெண்களுக்கு இந்தப் பாசி வருமானம். கடலில் இயற்கையாக விளைவதை எடுக்கும் பெண்கள் சிலருக்கு அது வந்தேறி. குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் இது படர்ந்து மூடுவதை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் அக்கா தங்கை இருவரும் இரண்டு கட்சி. இதற்கிடையில் தொண்டிப் பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டத்தில் பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். உள்ளூர்ப் பாசிக்கு அதில் எவ்வளவு இடம், தெப்பம் யார் பெயரில் இருக்கும் என்பதெல்லாம் இப்போதே கேட்க வேண்டியவை. இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க மாணவர்கள் முயலவில்லை. இரண்டு பக்கத்தையும் எழுதி வைத்தார்கள், அது போதும்.

சிக்கிய இடங்கள்

சாப்பாடு, கழிப்பறை, உடை, சைவம், அசைவம் எல்லாம் எல்லா முகாமிலும் வருவதுதான், பேசித் தீர்த்துக்கொண்டோம். நான் சொல்ல விரும்புவது வேறு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் நடுவே இருந்த தூரத்தைவிட, நம் டவுன் பிள்ளைகளுக்கும் அதே பெண்களுக்கும் நடுவே இருந்த தூரம்தான் அதிகம். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவு. ஆனாலும் பாசி எடுப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் யாரும் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று தெரியாததைத் தெரியாது என்று கேட்டுவிடும். நம் பிள்ளைகள் தெரிந்த மாதிரி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா பேச வாயெடுத்தால் நடுவில் புகுந்து இங்கிலீஷில் முடித்துவைப்பார்கள். இரண்டாம் நாளே அந்த வயதான அம்மா ஒருவனை நிறுத்தி, "நீ செத்த சும்மா இருப்பா, எனக்கு வாய் இருக்கு" என்றார். அவன் முகம் சுண்டிப்போனது. ஆனால் அன்று சாயங்காலம் அவரே அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து மீன் ஆய்ந்துகொடுக்கச் சொன்னார். வாரம் முடியும்போது அக்காமார் பெயரை எல்லாம் தெரிந்துவைத்திருந்தவன் அவன்தான்.

பண்பாடு கடந்த கற்றல் என்றால் நாடு விட்டு நாடு என்றே எழுதிவைத்திருந்தோம். அடுத்த திட்ட அறிக்கையில் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற இந்த இடைவெளியையும் எழுதியிருக்கிறோம், அதற்கென்று தனி நேரமும் ஒதுக்கியிருக்கிறோம்.

கடைசிச் சாயங்காலம்

விடைகளைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆளுக்கு நாலு வரியாவது மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள்.

பாசி எங்கே போகிறது என்ற குழு பாதி விடையோடுதான் வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் பயணப்பையில் இருந்த பற்பசை, சாக்லேட் பால் பொடி, பிஸ்கட் எல்லாவற்றின் அட்டையையும் திருப்பிப் படித்திருந்தார்கள். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு ஐரோப்பாவில் ஈ என்று தொடங்கும் எண் போடுவார்கள்: அகர் என்றால் ஈ 406, கப்பாபைகஸில் எடுக்கும் காராஜீனன் என்றால் ஈ 407, ஆல்ஜினேட் என்றால் ஈ 401. ஈ 407 என்று பொடி எழுத்தில் இருந்த அட்டை ஒன்று கை மாறிக் கை மாறிப் போனது. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தவர்களும் உண்டு. விலைதான் கிடைக்கவில்லை. கரையில் வியாபாரி, அப்புறம் மதுரைப் பக்கத்து அகர் ஆலைகள், அப்புறம் பெரிய கம்பெனிகள் என்று போகிற வழியில், கரைக்கு அப்பால் எந்த இடத்திலும் யாரும் விலை சொல்லவில்லை. மணல், ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பதைப் பற்றி மட்டும் உருப்படியான ஒரு யோசனை வந்தது. மணலில் பரப்பாமல் பழைய வலையைக் கம்பில் உயர்த்திக் கட்டி அதில் காயவைப்பது. சில வீடுகளில் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

தீவு பற்றிய கேள்விக்கு 2006 வன உரிமைச் சட்டத்தைப் படித்து வந்தார்கள். அதில் 3(1)(டி) பிரிவு, மீன் முதலான நீர்நிலை விளைபொருள்களின் மேல் சமூகத்துக்கு இருக்கும் உரிமையைப் பேசுகிறது. சட்டம் சொல்லும் வன நிலத்தில் தேசியப் பூங்காவும் அடக்கம். பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் அங்கே வாழ்ந்து அதை நம்பிப் பிழைத்ததைக் காட்ட வேண்டும். கடலுக்கு இது பொருந்துமா என்பதை நீதிமன்றமோ அரசோதான் சொல்ல வேண்டும், மாணவர்கள் அதில் உறுதி கொடுக்கவில்லை. ஆனால் மூன்று தலைமுறைக்கு என்ன சாட்சி என்று கூட்டம் உடனே பேசத் தொடங்கிவிட்டது. பாட்டிமார் பேரைச் சொல்லி, எந்தத் தீவில் எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று ஆளாளுக்குச் சொல்ல, மொழிபெயர்க்க வந்த பெண்கள் இருவரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நிகழ்ச்சி நேரம் முடிந்து வெகுநேரம் போயிருந்தது, யாரும் எழவில்லை.

பிளேன் காசு பற்றிய கேள்வியை ஜெர்மன் பையன் எடுத்திருந்தான். ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வந்துபோனால் வானத்தில் சேரும் கரியமில வாயு ஒரு டன்னுக்கும் மேல். இந்தியாவில் ஒரு ஆளின் ஒரு வருடக் கணக்கே சராசரியாக இரண்டு டன் அளவுதான். காசையும் சொன்னான், மறைக்கவில்லை. வராமலே இருந்திருக்கலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது என்றான். கேள்வி கேட்ட அக்கா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வராதன்னு சொல்லலை தம்பி. வந்தா ஒரு வாரத்துல ஓடாத. ஒரு மாசம் இரு, ஆளைக் குறைச்சுட்டு வா."

இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து ஆறு பேர், ஒரு மாதம். வருவதற்கு முன்பே அக்காமாரின் கேள்விகள் அவர்களுக்குப் போய்விடும், முதல் விடையோடுதான் ஊருக்குள் வர வேண்டும். பாட்டிமார் பட்டியலை முழுமையாக்கும் வேலையை அந்த இரண்டு பெண்களும் எங்கள் கல்லூரித் திட்டப்பணியாகவே செய்கிறார்கள், அதற்கு உதவித்தொகை உண்டு. விடைகளின் தமிழ்ப் பிரதி சமுதாயக் கூடத்து அலமாரியில் இருக்கிறது. விலைக் குழுவினர் ஊர் திரும்பிய பிறகும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், கம்பெனிகளுக்கு எழுதிய கடிதங்களின் நகலும் அந்த அலமாரிக்கு வந்துசேர வேண்டும் என்பது அக்காமாரின் நிபந்தனை. தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மாசி அமாவாசையைப் பார்த்து அவர்கள் சொன்ன பிறகு, அதற்கேற்பத் தேர்வு அட்டவணையை நகர்த்தக் கல்லூரி சம்மதித்திருக்கிறது.